போன வருஷத்து மட்டை

கோல்ஃப் மட்டையைச் சோதிக்க ஒரு கருவி இருக்கிறது. பார்ப்பதற்குப் பள்ளிக்கூட ஆய்வகத்து ஊசல் போலத்தான் இருக்கும். தூர அடிக்கான டிரைவர் மட்டையை இறுகப் பொருத்திவிட்டு, ஊசல் முனையில் உள்ள உலோகக் குண்டை அதன் முகத்தில் மோத விடுவார்கள். குண்டு மோதித் திரும்பும் கண நேரத்தில் இரண்டும் எத்தனை மைக்ரோ வினாடி ஒட்டியிருந்தன என்று கருவி சொல்லும். நேரம் கூடக் கூட முகத்துக்குத் துள்ளல் அதிகம். அனுமதி 239 மைக்ரோ வினாடி. அளவீட்டுப் பிழைக்காக மேலும் 18 சலுகை. ஆக மொத்தம் 257. ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பகிர்ந்தால் கிடைக்கும் துணுக்குதான் ஒரு மைக்ரோ வினாடி. கணக்கு 258 காட்டினால் மட்டை வெளியே போகவேண்டியதுதான்.

2025 மே மாதம், அமெரிக்காவின் ஷார்லட் நகரத்துக் குவெய்ல் ஹாலோ மைதானத்தில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப் போட்டியில் இந்தச் சோதனை இரண்டு பெரிய ஆட்டக்காரர்களின் மட்டையைத் தள்ளிவிட்டது. ஒரு மாதம் முன்புதான் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று, நான்கு பெரும் பட்டங்களையும் தொட்டவர் என்ற அரிய வரிசையில் சேர்ந்திருந்தார் ரோரி மெக்கில்ராய். அவருடைய டிரைவர் தேறவில்லை. செய்தி கசிந்தது. அந்த வாரம் முழுக்க அவர் பத்திரிகையாளர்களிடம் வாய் திறக்கவில்லை. 47-ஆவது இடத்தோடு கிளம்பிவிட்டார். ஸ்காட்டி ஷெஃப்லரின் டிரைவரும் அதே வாரம் தோற்றிருந்தது. அவர் மாற்று மட்டையை எடுத்து ஆடி, ஐந்து ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பையைத் தூக்கிய பிறகுதான் அது ஊருக்குத் தெரிந்தது. 2019-இல் போர்ட்ரஷ் ஓபன் போட்டியில் ஸாண்டர் ஷாஃப்லேவுக்கும் இதே அனுபவம்.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. மணிக்கு 190 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் ஆயிரக்கணக்கான தடவை பந்தை அறைகிற மெல்லிய முகம் நாளாக ஆகத் தளரும். தளரத் தளரத் துள்ளல் கூடும். புதிதாக வந்தபோது சட்டத்துக்குள் இருந்த மட்டை ஒருநாள் தானாகவே கோட்டைத் தாண்டிவிடும். அதாவது, கம்பெனிகள் ஏற்கெனவே வேலியை உரசிக்கொண்டுதான் மட்டை செய்கின்றன. புது மாடல் வந்து துள்ளலைக் கூட்டுவதற்கு அங்கே இடமே பாக்கி இல்லை.

இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு 2025 பருவத்துப் புது வரவுகளைப் பார்ப்பது நல்லது. ஜனவரி பிறந்தால் மட்டைக் கம்பெனிகளுக்குத் தீபாவளி. எல்லாரும் ஒரே நேரத்தில் புது டிரைவர் இறக்குவார்கள். 2025-இல் கேலவே 'எலைட்' கொண்டுவந்தது, டெய்லர்மேட் 'க்யூஐ 35', பிங் 'ஜி440', கோப்ரா 'டிஎஸ்-அடாப்ட்'. டைட்டிலிஸ்ட் மட்டும் முந்தைய ஆகஸ்டிலேயே தன் 'ஜிடி' வரிசையை விற்கத் தொடங்கியிருந்தது. விலை 600 டாலரை ஒட்டி இருந்தது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீளம், முந்தையதைவிட நேர் என்றுதான் விளம்பரம் பேசும்.

போட்டி முடிவுகள் வேறு கதை சொல்லின. அந்த ஆண்டின் ஆண்கள் பெரும் போட்டிகள் நான்கில் மூன்றை, மாஸ்டர்ஸ், பிஜிஏ சாம்பியன்ஷிப், ஓபன் மூன்றையும், வென்ற கையில் இருந்தது டெய்லர்மேட் க்யூஐ 10. அது 2024-இல் வந்த மாடல். கம்பெனியின் புது மட்டை கடையில் அடுக்கப்பட்டிருந்தபோது, அதே கம்பெனியிடம் சம்பளம் வாங்கும் உலகின் முதல் இரண்டு ஆட்டக்காரர்களும் பழையதை விடவில்லை. ஜூன் மாதக் கனடிய ஓபனில் மெக்கில்ராய் புதியதை எடுத்துப் பார்த்தார். இரண்டாம் நாள் 78 அடித்து வெளியேறினார். அடுத்த வாரம் பையில் மறுபடி க்யூஐ 10. மட்டை மோசம் என்று இதற்குப் பொருள் சொல்லிவிட முடியாது. பழகிய மட்டைக்கும் புது மட்டைக்கும் உள்ள வேற்றுமையைவிடப் பழக்கத்தின் எடை பெரிது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சட்டம் எங்கெல்லாம் கட்டிப்போட்டிருக்கிறது என்று பார்த்தால் புது மட்டையில் என்ன எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாகும். டிரைவர் தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது. நீளம் 48 அங்குலம் வரை இருக்கலாம் என்று இருந்தது. 2021-இல் ஃபில் மிக்கெல்சன் தன் ஐம்பதாவது வயதில் ஏறக்குறைய அந்த உச்ச நீளத்து டிரைவரோடு பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றார்; அடுத்த ஜனவரியிலிருந்து தொழில்முறைப் போட்டிகளில் 46 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ள விதி வந்துவிட்டது. துள்ளல் கதை மேலே சொன்னதுதான். கம்பெனிகள் விளையாடுவதற்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு மைதானம்: தவறாகப் பட்ட அடியை மன்னிக்கும் குணம்.

இயற்பியல் பாடத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே, அதுதான். காவடித் தண்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் குடம் தொங்கும்போது அதைச் சட்டென்று சுழற்ற முடியாது. அதே இரண்டு குடங்களையும் நடுவில் கட்டினால் சுலபமாகத் திரும்பிவிடும். டிரைவர் தலையிலும் எடையை ஓரங்களுக்குத் தள்ளினால், பந்து நடுவில் படாமல் விரல்நுனிப் பக்கமோ குதிப் பக்கமோ பட்டாலும் தலை அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. பந்தும் அவ்வளவாகக் காட்டுக்குள் போகாது. எடையை ஓரத்துக்குத் தள்ளவேண்டுமென்றால் நடுவில் மிச்சம் பிடிக்கவேண்டும். அதற்குத்தான் மேல்மூடியைக் கார்பன் இழையில் செய்கிறார்கள். டெய்லர்மேட் 2022-இல் முகத்தையே டைட்டானியத்திலிருந்து கார்பனுக்கு மாற்றியது; அறுபது அடுக்கு கார்பன் துணி.

இந்தக் குணத்துக்கும் வேலி உண்டு. குதியிலிருந்து நுனி வரையிலான திசையில் 5,900 கிராம் சதுர சென்டிமீட்டர், அதோடு சிறு சலுகை. ஆனால் மேலிருந்து கீழ் திசைக்கு விதி எதுவும் சொல்லவில்லை. 2024-இல் பிங்கும் டெய்லர்மேட்டும் இரண்டு திசை எண்களையும் கூட்டி, பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டோம் என்று விளம்பரம் செய்தன; பிங் மட்டையின் பெயரிலேயே '10கே' என்று பொறித்தது. ஐந்திலக்க எண்ணுக்கு ஒரு மயக்கம் இருக்கத்தான் செய்கிறது. கூட்டல் கணக்கு விளம்பரத்துக்கு உதவினாலும் பொருள் உண்மையில் நல்ல பொருள்தான்: வாரம் ஒருமுறை ஆடுகிறவர், நடுவில் பட்டும் படாமலும் அடிக்கிறவர், இந்த வகை மட்டையால் பயனடைவார். மணிக்கு 190 கிலோமீட்டரில் வீசித் தீப்பெட்டி அளவு இடத்தில் பந்தைப் பட வைக்கிற தொழில்முறை ஆட்டக்காரருக்கு அது அவ்வளவு தேவைப்படாது. விளம்பரத்தில் முகம் காட்டுகிறவருக்கும் வாங்கிப் பயனடைகிறவருக்கும் சம்பந்தமில்லாத விசித்திரத் தொழில் இது.

பழைய கதை ஒன்று இங்கே பொருந்தும். டிரைவரை இன்றும் 'வுட்' வகையில்தான் சேர்க்கிறார்கள், மரம் போய்ப் பல காலம் ஆகியும். அந்தக் காலத்துத் தலைகள் பர்சிமன் மரத்தில் செதுக்கியவை. நம் கருங்காலியின் ஒன்றுவிட்ட உறவு அந்த மரம். இரண்டும் ஒரே பேரினம். 1979-இல் கேரி ஆடம்ஸ் என்பவர் எஃகில் ஒரு டிரைவர் வார்த்து, குறும்பாக அதற்குப் 'பிட்ஸ்பர்க் பர்சிமன்' என்று பெயர் வைத்தார். அவர் தொடங்கியதுதான் டெய்லர்மேட். 1991-இல் முதல் உலகப் போரின் ஜெர்மன் பீரங்கியின் பெயரைத் தாங்கி 'பிக் பெர்த்தா' வந்தது. 190 கன சென்டிமீட்டர்தான். அதையே ராட்சசன் என்று வாய்பிளந்து பார்த்தார்கள். இன்றைய டிரைவர் அதைப்போல இரண்டரை மடங்கு. அப்போதெல்லாம் ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே நிஜமான பாய்ச்சல் இருந்தது. இன்று ஒரு ஜனவரிக்கும் அடுத்த ஜனவரிக்கும் இடையே இருப்பது வண்ணப்பூச்சும் சில கஜமும்.

2025 டிரைவர்களில் உற்றுப் பார்க்கத் தகுந்த புதுமை ஒன்று உண்டு, அது முகத்தில் இல்லை, கழுத்தில். தலையும் தண்டும் சேரும் இடத்தில் கோப்ரா வைத்த 33 நிலைத் திருகு. பழைய திருகுகளில் முகத்தின் சாய்வான லாஃப்டை மாற்றினால், தண்டு தரையோடு செய்யும் கோணமும் கூடவே இழுபடும். லாரியில் ஒரு பக்கக் கயிற்றை இறுக்கினால் மறுபக்கம் தளர்வதுபோல. கோப்ராவின் கழுத்தில் இரண்டையும் தனித்தனியாகத் திருகலாம். வாங்கிய அன்று கடைக்காரர் வைத்த நிலையிலேயே பத்து வருஷம் ஆடுகிறவர்களே அதிகம் என்பதால், இந்த 33 நிலையில் எத்தனை பேர் இரண்டாவது நிலையைப் பார்ப்பார்களோ தெரியாது. இருந்தாலும் யோசித்துச் செய்த வேலை. கேலவே தன் முகத்தைக் கணினிக் கற்றலில் வடிவமைத்ததாகவும், முந்தைய மாடலைவிடப் பத்து மடங்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இருப்பதாகவும் சொல்கிறது. புள்ளிகளை எண்ணிப் பார்க்க வாங்குகிறவருக்கு வழியில்லை.

டிரைவரின் தம்பி ஒன்று இந்தப் பருவத்தில் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது. மினி டிரைவர். சாதாரண டிரைவர் 460. மூன்றாம் எண் வுட் அதில் பாதியும் வராது. இது நடுவில் நிற்கும். டெய்லர்மேட் 2004-இல் நான்கு திருகு எடைகளோடு வந்த தன் புகழ்பெற்ற ஆர்7 குவாட் என்ற பெயரைத் தூசு தட்டி எடுத்து, 2025-இல் மினி டிரைவருக்குச் சூட்டியது. டைட்டிலிஸ்ட் 280 கன சென்டிமீட்டரில் 'ஜிடி280' கொண்டுவந்தது. கேலவே 2024-இலேயே 340-இல் ஒன்று விட்டிருந்தது. தண்டு டிரைவரைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் குட்டை. குட்டையானால் நடுவில் படும் வாய்ப்பு கூடும். தலை சிறியதாக இருப்பதால், பந்தை உயர்த்தி வைக்கும் டீ முளை இல்லாமல் புல்லிலிருந்தும் அடிக்கலாம். இழப்பது கொஞ்சம் தூரம்.

இந்தியாவில் ஆடுகிறவர்களுக்கு இது வெறும் நாகரிகமாகப் போய்விடாது என்பதற்கு டெல்லி சாட்சி. 2025 அக்டோபரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப் நடந்தது. பழைய கல்லறைக் கட்டடங்களும் மயில்களும் உள்ள அந்த மைதானத்தில் ஃபேர்வே என்னும் புல்பாதை ஒவ்வொன்றும் சந்து மாதிரி. இரண்டு பக்கமும் புதர். உள்ளே போன பந்தைத் தேடுவதைவிடப் புதுப் பந்தை எடுப்பதே மேல். உலகத்திலேயே டிரைவரை அழகாக அடிக்கிறவர் என்று பெயரெடுத்த மெக்கில்ராய் அங்கே வந்து பார்த்துவிட்டு, இந்த வாரம் டிரைவர் அடிக்கப் போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கோப்பை டாமி ஃப்ளீட்வுட்டுக்குப் போனது, 22 அண்டர், அதாவது மைதானக் கணக்குக்கு 22 ஸ்ட்ரோக் குறைவு. பழைய இந்திய மைதானங்கள் பலவற்றுக்கும் இதே சுபாவம். புது டிரைவருக்கு 600 டாலர் எடுத்து வைத்திருப்பவர், முதலில் தன் சொந்த மைதானத்தில் அதை எத்தனை குழியில் எடுக்கப் போகிறார் என்று விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம்.

இனி இந்தப் பருவத்தின் நிஜ நாயகனுக்கு வரலாம். பச்சைத் தரையில் பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை. அதற்குப் பெயர் பட்டர். தமிழில் எழுதினால் கோவில் பட்டரும் ரொட்டியில் தடவும் பட்டரும் முன்னால் வந்து நிற்பார்கள். வேறு வழியில்லை, கேடிகள் முதல் கிளப் செயலாளர் வரை எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பார் 72 என்று ஒரு மைதானத்துக்குக் கணக்கு வைக்கும்போது குழிக்கு இரண்டு வீதம் 36 ஸ்ட்ரோக்கை உருட்டலுக்கே ஒதுக்குகிறார்கள். ஆட்டத்தில் பாதி. பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தபோது, டிரைவர் தூரத்தில் போட்டியின் கடைசி வரிசையில் இருந்தார். பட்டர் ஒன்றை வைத்துக்கொண்டே பதக்கத்துக்கு ஒரு ஸ்ட்ரோக் அருகே வந்துவிட்டார். ஆனாலும் கடைக்குள் நுழைகிறவர் கை முதலில் டிரைவர் பக்கம்தான் போகும்.

2025 ஜூன் 15, ஓக்மான்ட். அமெரிக்க ஓபனின் கடைசி நாள், மழை வந்து நின்ற ஈரத் தரை. ஜே.ஜே. ஸ்பான் அன்று முதல் ஆறு குழிகளில் ஐந்தில் போகி, அதாவது பாருக்கு ஒரு ஸ்ட்ரோக் கூடுதலாக, அடித்துத் தொலைந்துபோனவர். பதினெட்டாவது கிரீனில் அவருக்கும் குழிக்கும் இடையே 64 அடி. இரண்டு உருட்டலில் முடித்தாலே பட்டம். அவர் ஒரே உருட்டலில் முடித்தார். அந்த 64 அடியைப் பார்த்த லட்சக்கணக்கான கண்கள் அடுத்துப் பார்த்தது அவர் கையில் இருந்த விநோத வடிவத்தை: லேப் கோல்ஃப் நிறுவனத்தின் 'டிஎஃப்3'.

ஆரிகன் மாநிலத்தின் கிரெஸ்வெல் என்ற சிற்றூரில் செய்யும் மட்டை அது. முதல் மாடல்களைப் பார்த்தவர்கள் விண்கலம் என்றும் மாட்டுக்குச் சூடு போடும் இரும்பு என்றும் கேலி செய்தார்கள். கேலி நிற்கத் தொடங்கியது 2023-இல். குட்டை உருட்டலில் கை நடுங்கிப் பல வருஷம் தவித்த லூகாஸ் குளோவர், லேப் பட்டரை எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த இரண்டு வாரம் இரண்டு பட்டம் வென்றார்.

அதன் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ள வீட்டிலுள்ள சாதாரணப் பட்டர் போதும். தண்டை இரண்டு விரல்மேல் கிடையாக வைத்துத் தலையைத் தொங்க விடுங்கள். சில மட்டைகளில் நுனி தரையைப் பார்த்துக் கவிழும். சிலவற்றில் முகம் வானத்தைப் பார்க்கும். அதாவது தலையின் எடைமையம் தண்டின் நேர்கோட்டில் இல்லை. ஒரு பக்கம் இழுக்கிறது. பின்னால் இழுத்து முன்னால் வீசும்போதும் அந்த இழுப்பு இருக்கும். முகம் தானாகத் திறக்கும். கை அதை மூடவேண்டும். எட்டாயிரம் உருட்டல் பழகியவரின் கை சரியான கணத்தில் மூடும். மற்றவர் கை முந்தும், அல்லது பிந்தும். மூன்று அடி தூரத்திலிருந்து உருட்டல் தவறுவதற்கு இந்த இழுபறியும் ஒரு காரணம்.

லேப் செய்தது, ஆட்டக்காரர் நிற்கும் தோரணையில் தண்டு தரையோடு எந்தக் கோணம் செய்கிறதோ அந்தக் கோணத்துக்கே தலையைச் சமன்படுத்துவது. அடிப்பாகத்தில் சிறு சிறு எடைகளைப் பதித்து, ஒவ்வொரு மட்டையையும் தனியாகச் சரிபார்த்து அனுப்புகிறார்கள். திருப்பு விசை ஏறக்குறையப் பூஜ்யமாகிவிடுகிறது. தண்டு தன் போக்கில் சுழலக்கூடிய சட்டகத்தில் மாட்டி ஆட்டினால் சாதாரணப் பட்டரின் முகம் அலைபாயும்; இது பாதையைவிட்டு முகத்தைத் திருப்பாது. வீடியோவில் பார்த்தால் மாயம் போல இருக்கும்.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஓரிரு வருஷத்துக்குள் ஒடிஸி 'ஸ்கொயர் டு ஸ்கொயர்', டெய்லர்மேட் 'ஸ்பைடர் இஸட்டி', பிஎக்ஸ்ஜி 'ஆலன்', பெட்டினார்டி 'ஆன்டிடோட்', ஈவன்ரோல் 'ஸீரோ' என்று பூஜ்யத் திருப்பு மட்டைகள் வரிசைகட்டின. இவற்றில் பல, தண்டைத் தலையின் நடுவில் செருகி எடைமையத்தின் வழியாகக் கொண்டுபோவதோடு நிறுத்திக்கொள்கின்றன. நிற்கும் கோணத்துக்கு ஏற்பச் சமன்படுத்தும் வேலையை லேப் அளவுக்கு எடுத்துக்கொள்வதில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது.

பூஜ்யத் திருப்பு பட்டர் எல்லாருக்கும் மருந்தாகாது. முகத்தைத் திறந்து மூடும் பழக்கத்திலேயே வளர்ந்து, அதில் கைதேர்ந்தவருக்கு இது உயிரற்ற கட்டையாகத் தோன்றும். இருபது அடியிலிருந்து உருட்டும்போது வேகத்தை உணர்த்துவது அந்த இழுப்புதான் என்று சொல்கிறவர்கள் உண்டு, அவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த மட்டை திசையைத் திருத்தும். தூரத்தைக் கணிப்பது கண்ணும் கையும்தான். விலையும் குறைவில்லை. இருந்தும், இந்தப் பருவத்தில் புதிதாக வந்தவற்றில் ஆட்டத்தை உள்ளபடியே மாற்றக்கூடிய ஒரே பொருள் எது என்று கேட்டால் இதைத்தான் கைகாட்ட வேண்டியிருக்கிறது.

பட்டரின் வரலாற்றில் இப்படி ஒரு திருப்பம் முன்பும் நடந்திருக்கிறது. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், 1966-இல் ஒரு கிராமஃபோன் தட்டின் உறைமேல் பட்டர் படம் ஒன்றைக் கிறுக்கினார். குதியிலும் நுனியிலும் எடை, நடுவில் பள்ளம். மறுபடியும் காவடித் தண்டுதான். 'ஆன்சர்' என்று பெயர். மட்டையில் இடம் போதாததால் மனைவி சொன்னபடி எழுத்து ஒன்றைக் குறைத்துப் பொறித்தார். இன்று கடையில் உள்ள பட்டர்களில் பாதியாவது அந்தக் கிறுக்கலின் பேரப்பிள்ளைகள். ஷெஃப்லரே அந்த வம்சத்துப் பிளேடு பட்டரோடுதான் திணறிக்கொண்டிருந்தார். 2024 பிப்ரவரியில் மெக்கில்ராய் தொலைக்காட்சியில், ஸ்காட்டி பெரிய தலை மேலட் பட்டரை எடுத்துப் பார்த்தால் நன்றாயிருக்கும் என்று போகிற போக்கில் சொன்னார். மார்ச்சில் ஷெஃப்லர் எடுத்தார். அந்த வாரம் பட்டம், அடுத்த வாரம் பிளேயர்ஸ் பட்டம், ஏப்ரலில் மாஸ்டர்ஸ். எதிராளிக்கு இவ்வளவு நல்ல யோசனை சொன்னவர் சரித்திரத்தில் குறைவு.

நடுத்தரத் தூரத்துக்கான அயர்ன் மட்டைகளில் ஏமாறும் இடம் எண்ணில் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் ஏழாம் எண் அயர்னின் லாஃப்ட் 35, 36 பாகை. இன்று சாதாரண ஆட்டக்காரருக்காகச் செய்யும் ஏழாம் எண்ணில் 29 பாகையே சகஜம். எண் ஏழு, உடம்பு ஐந்து. கடையில் இரண்டடி அடித்துவிட்டு 'என் பழைய ஏழைவிடப் பதினைந்து கஜம் அதிகம்' என்று மகிழ்கிறவர் அடித்தது பழைய ஐந்தாம் எண் மட்டையை. கம்பெனிக்காரரிடம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. எடையைக் கீழே இறக்கிவிட்டதால் இந்த மட்டை குறைந்த சாய்விலும் பந்தை உயரத்தான் தூக்குகிறது. ஆனால் அயர்ன்களின் லாஃப்ட் இறுகிவிட்டதால், குட்டை அடிக்கான வெட்ஜ் மட்டைகளுக்கும் அவற்றுக்கும் இடையே பெரிய பள்ளம் விழும். அதை அடைக்க இன்னொரு வெட்ஜ் வாங்கவேண்டும், அதையும் அவர்களே விற்கிறார்கள்.

அயர்னில் உண்மையான புதுமை உலையைவிட்டு அச்சகத்துக்குப் போயிருக்கிறது. கோப்ரா 2024-இல் 'லிமிட்3டி' என்று 500 செட் மட்டும் செய்தது. விலை 3,000 டாலர். எஃகுப் பொடியை லேசர் கதிரால் அடுக்கடுக்காக உருக்கி வளர்த்த முப்பரிமாண அச்சு மட்டை. வெளியே பார்த்தால் தேர்ந்தவர் ஆடும் ஒல்லி அயர்ன். உள்ளே தேன்கூடு போல வலைப்பின்னல், மிச்சம் பிடித்த எடைக்கு ஓரத்தில் டங்ஸ்டன். வார்ப்பிலோ அடித்துச் செய்வதிலோ இந்த உட்புறத்தை உண்டாக்க முடியாது. மறு ஆண்டே '3டிபி டூர்' என்று வழக்கமான விற்பனைக்கு வந்துவிட்டது. பிரைசன் டெஷாம்போ இதற்கு முன்பே இந்தப் பாதையில் போனவர். டிரைவர் முகம்போல வெளிப்புறம் லேசாக வளைந்த, அச்சிட்ட அயர்ன்களுக்கு 2024 மாஸ்டர்ஸ் தொடங்கும் வாரத்தில்தான் அவருக்கு ஒப்புதல் கிடைத்தது. இரண்டு மாதத்தில் பைன்ஹர்ஸ்ட்டில் அவற்றைக் கொண்டே அமெரிக்க ஓபனை வென்றார். இன்னும் சில ஆண்டுகளில் விலை இறங்கினால், இப்போது பெரிய தலை அயர்னோடு கூச்சப்பட்டு ஆடுகிறவர்களுக்கு இது நல்ல காலம்.

பந்துக்கு வந்தால், 2025 டைட்டிலிஸ்டின் முறை. ப்ரோ வி1 இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிறவி எடுக்கும். இந்தத் தடவை மாற்றம் நுட்பமானது. கண்ணைக் கட்டிவிட்டு அடிக்கச் சொன்னால் பழையது எது புதியது எது என்று சொல்பவர் அபூர்வம். பந்து உலகின் பெரிய செய்தி கடையில் இல்லை, விதிப்புத்தகத்தில். 2023 டிசம்பரில் விதியமைப்புகள் இரண்டும், யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏயும், பந்தின் தூரத்தைப் பின்னிழுக்கப்போவதாக அறிவித்தன. எல்லை 317 கஜம், மூன்று கஜம் சலுகை என்பதில் மாற்றமில்லை. சோதிக்கும் மட்டை வேகத்தை மணிக்கு 120 மைலிலிருந்து 125-க்கு உயர்த்துகிறார்கள். அறிவிப்பின்படி தொழில்முறைக்கு 2028, மற்றவர்களுக்கு 2030. மிக நீளம் அடிக்கிறவருக்கு 13 முதல் 15 கஜம் நட்டம்; ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரருக்கு ஐந்து கஜத்துக்குள் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே யாரும் பந்தைப் பெட்டி பெட்டியாகப் பதுக்கவேண்டிய அவசியம் இல்லை.

மலையில் ஆடுகிறவர்கள் இந்த ஐந்து கஜத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். காற்று அடர்த்தி குறைவதால் ஊட்டி வென்லாக் டவுன்ஸ் மைதானத்தில் பந்து சென்னையைவிட 7, 8 சதவீதம் கூடுதல் தூரம் போகும். 200 கஜம் அடிப்பவருக்கு 15 கஜம் இலவசம். கொடைக்கானலிலும் இலங்கை நுவரெலியாவிலும் இதே தயவு கிடைக்கும். எந்தக் கம்பெனியின் புது டிரைவரும் இவ்வளவு கொடுத்ததில்லை. நீலகிரி எக்ஸ்பிரஸ் டிக்கெட் அதைவிட மலிவு.

சில்லறைச் சாமான்களில் இரண்டைச் சொன்னால் போதும். சென்னை மே மாதத்தில் மெல்லிய தோல் கையுறை நான்காவது குழியில் நனைந்து, மறுநாள் அப்பளமாகிவிடும். மழைக்கென்று செய்த துணிக் கையுறைகள், ஈரமாக ஆக இறுகப் பிடிப்பவை, நம் வியர்வைக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். அதேபோல நூல் பின்னிய ரப்பர் பிடியும். மொத்தப் பை மட்டைகளுக்கும் பிடி மாற்றுவது ஒரு புது டிரைவரின் விலையில் சிறு பங்குதான், அதன் பலன் அன்றே தெரியும்.

கடைசியாக ராடார். ஏவுகணையைப் பின்தொடரும் ராடார் நுட்பத்திலிருந்து டென்மார்க்கின் டிராக்மேன் பிறந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. தொழில்முறைப் பயிற்சியாளர்களின் விலையுயர்ந்த பெட்டியாக இருந்தது, 2021-இல் கார்மின் ஆர்10 வந்தபோது ஒரு டிரைவர் விலைக்கு வலை கட்டிய மொட்டைமாடிக்கே ஏறிவிட்டது. 2025 ஜனவரியில் டைகர் வுட்ஸும் மெக்கில்ராயும் தொடங்கிய டிஜிஎல் போட்டியில் 64 அடி அகலத் திரையை நோக்கி அடித்து ஒரு லீக்கையே நடத்துகிறார்கள். சாதாரண ஆட்டக்காரருக்கு இதனால் கிடைத்த நன்மை வேறு: கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பவேண்டிய காலம் முடிந்தது. மட்டை வேகம், பந்து வேகம், சுழற்சி, பறந்த தூரம் எல்லாம் எண்ணாகத் திரையில் வந்துவிடுகின்றன.

ஆகவே கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். பழைய டிரைவரையும் பழைய ஏழாம் எண் அயர்னையும் கையோடு எடுத்துப்போங்கள். ஒரே ராடாரில், ஒரே பந்தில், பழையதில் பத்து, புதியதில் பத்து அடியுங்கள். நீளமான ஒரு அடியைப் பார்க்காமல் பத்தின் சராசரியையும் பந்துகள் இடவலமாகச் சிதறிய அகலத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அயர்ன் என்றால் இரண்டின் லாஃப்டையும் கேட்டு எழுதுங்கள். பட்டர் பக்கம் பத்து நிமிடமாவது நில்லுங்கள். பழைய மட்டையைச் சோதிக்க இடமில்லை என்று கடைக்காரர் சொன்னால், பக்கத்துக் கடைக்குப் போய்விடுங்கள்.